ஊர்வலத்தன்று ஒயர் தேடியது

கல்யாண மண்டபத்துக்குப் போனால் எல்லோரும் மணமேடையைப் பார்ப்பார்கள். என் வீட்டுக்காரர் மேலே பார்ப்பார். எந்த மூலையில் ஒயர் உள்ளே போகிறது, எந்த ஓட்டை வழியாக வெளியே வருகிறது என்று அவர் கண் அதுபாட்டுக்கு ஓடும். நான் முழங்கையால் இடித்து, "மாப்ள கீழ குந்திக்கினு இருக்காரு, அவரப் பாருங்க" என்பேன். சொல்வேனே தவிர, அந்த நேரம் என் கண்ணும் மேலேதான் இருக்கும்.

கள்ளக்குறிச்சியில் எங்களுக்குச் சின்னதாக ஒரு கடை. கம்ப்யூட்டர்களுக்கு நெட்வொர்க் ஒயர் இழுப்பது ஒரு வேலை. யாரோ எப்போதோ இழுத்துவிட்டுப் போன ஒயர் எங்கே போய் முடிகிறது என்று கண்டுபிடிப்பது இன்னொரு வேலை. இழுப்பது சுலபம். கண்டுபிடிப்பதில்தான் தாவு தீர்ந்துவிடும். எல்லா ஒயரும் ஒரே சாம்பல் நிறம். முனையில் ஒரு சீட்டு ஒட்ட நம் ஊரில் யாருக்கும் பொறுமை கிடையாது. நாளைக்கும் நான்தானே வரப்போகிறேன், எனக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் நாளைக்குப் போய் நிற்பது நாங்கள்.

இதற்கென்று நல்ல நல்ல கருவிகள் விற்கிறார்கள். நாங்கள் அவற்றைப் படத்தில் பார்த்திருக்கிறோம். எங்களிடம் இருந்தவை கைவைத்தியங்கள். ஒயரின் மேல்தோலில் மீட்டர் கணக்கு அச்சடித்திருக்கும். இரண்டு முனையிலும் எண்ணைப் படித்துப் பார்த்தால், இது அதுவாக இருக்கலாம் என்று ஓரளவு தெரியும். வேலை செய்கிற ஒயர் என்றால் ஒரு முனையைப் பிடுங்கிவிட்டு, மறுமுனைப் பெட்டியில் எந்த விளக்கு அணைகிறது என்று பார்க்கலாம். கண்டுபிடித்ததை மறுபடி தொலைக்காமல் இருக்க என் நெயில் பாலிஷ். ஒயருக்கு ஒரு நிறம் என்று இரண்டு முனையிலும் பூசிவிடுவேன். என் விரலில் பூசியதைவிட ஒயரில் பூசியதுதான் ஜாஸ்தி.

செத்துக் கிடக்கிற ஒயருக்குத்தான் குருவி. அது அவரே செய்த சின்ன டப்பா. உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு பேட்டரி, இன்னும் சில்லறைச் சாமான்கள். ஒயரின் ஒரு முனையில் அதை மாட்டினால் ஒயர் நெடுக ஒரு கீச்சொலியை அனுப்பும். வெறும் காதுக்கு அது கேட்காது. ஸ்டேஷன் எதுவும் எடுக்காத இடத்தில் முள்ளை வைத்த பாக்கெட் ரேடியோவை ஒயர்க் கட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால், சரியான ஒயர் வந்ததும் ரேடியோ குருவி மாதிரி கத்தும். நான் அறைக்குள் குருவியை மாட்டிவிட்டுக் குரல் கொடுப்பேன். அவர் ஏணியில் நின்று ரேடியோவைக் காதில் ஒட்டிக்கொண்டு பதில் சொல்வார். கல்யாணமாகி வந்த புதிதில் அவரோடு பேசவே எனக்குக் கூச்சம். நான் பாலிடெக்னிக் படித்தவள் என்று அவருக்கும் கூச்சம். "மாட்டிட்டேங்க." "கேக்குது, கேக்குது." எங்கள் குடும்பத்தின் முதல் பேச்சுவார்த்தை இதுதான்.

அவருக்குக் காது மந்தமாகிறது என்று எனக்கு முதலில் சொன்னது கல்வராயன் மலைச் சில்வண்டுகள். வெள்ளிமலைப் பக்கம் ஒரு விடுதியில் வேலை முடித்துவிட்டு, பொழுது சாய்கிற நேரத்தில் வாசற்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். சுற்றியுள்ள மரங்களிலெல்லாம் சில்வண்டு. காது கிழிந்துவிடும் போலக் கத்திக்கொண்டிருந்தன. அவர் ஒரு வாய் டீயைக் குடித்துவிட்டு நிம்மதியாகச் சொன்னார்: "எவ்ளோ அமைதியா இருக்குது பாரு புள்ள. நம்ம ஊர்ல ஏது இது?"

கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. உண்மையிலேயே அந்த அமைதியில் சந்தோஷமாக இருந்தார். "ஆமாங்க" என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

மலையிறங்கி வருகிற வழியெல்லாம் வண்டியின் பின்னால் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். குருவியின் குரல் எனக்கு நினைவுக்கு வந்தது. முதலில் அது கீச்சுக் கீச்சென்றுதான் கத்தியது. அவர் அவ்வப்போது டப்பாவைத் திறந்து ஒரு சாமானை மாற்றி வைப்பார். குரல் கொஞ்சம் தடிக்கும். அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம். கடைசியில் அது குருவி மாதிரியே இல்லை, ஐப்பசி மழைக்குப் பிறகு ஏரியில் கத்துகிற தவளை மாதிரி ஆகியிருந்தது. சும்மா நோண்டிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்திருந்தேன். கீச்சுச் சத்தம் காதை விட்டுப் போகப் போக, அது கேட்கிற அளவுக்குக் குரலைக் கீழே இறக்கிக்கொண்டே வந்திருக்கிறார் மனுஷன், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல்.

மற்றபடி ஊரில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எதிரே இருப்பவரின் வாயைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வார். பிறகு கொரோனா வந்தது. ஊர் வாயை மூடியது. அவருக்குக் காது முழுக்க அடைத்துவிட்டது. முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிகிறவர்களிடம் இவர் என்ன செய்வார்? எல்லாவற்றுக்கும் சிரித்துத் தலையாட்ட ஆரம்பித்தார். பக்கத்துக் கடைக்காரர் தன் அம்மா தவறிய விஷயத்தைச் சொன்னபோதும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

"காதுக்கு ஒருதரம் டாக்டர்கிட்ட காட்டலாமாங்க?" என்று வீட்டில் கேட்டால், "எனுக்கு இன்னா கொறச்சலு? நீ வாய்க்குள்ளயே பேசுற" என்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள். எனக்கு அவர் மேல் கோபம் வந்ததைவிடப் பயம்தான் அதிகம் வந்தது. என் மாமனாருக்கும் இப்படித்தான் காது போனது. ஊருக்குத் தெரிந்த மறுநாளே வாசலைத் தாண்டுவதை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவர் இருந்த வருஷங்களில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தே இருந்தார். அதே வீடு, அதே சுவர். இவரும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டால் நான் என்ன செய்வேன்? ஒயர் இழுக்க ஆள் கிடைக்கும். "கேக்குது" என்று சொல்ல எனக்கு இந்த ஒரு ஆள்தான்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகியிருந்த சமயம் அது. புதுசு புதுசாக ஆபீஸ்கள் இடம் தேடி அலைந்தன. கச்சேரி ரோட்டுப் பக்கம் ஒரு பாய்க்குப் பழைய லாட்ஜ் இருந்தது. கீழே சின்ன மண்டபம், மேலே அறைகள். தங்க வருகிறவர்கள் குறைந்துபோனதால் அறைகளை ஆபீஸ்களுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். பல அறைகள் காலி. அவற்றில் முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன நெட்வொர்க் ஒயர்கள், கூரைக்கு அடியில் பலகை அடித்த மேல்தட்டிக்குள் எங்கெங்கோ ஓடின. "புதுசா ஒயர் இழுத்தா செவுரெல்லாம் ஓட்டை போடுவீங்க. இருக்கறதையே கண்டுபிடிச்சுக் குடும்மா" என்றார் பாய். சுவரை அவர் பிள்ளை மாதிரி வளர்த்து வந்தார்.

அந்த மாதங்களில் இடஒதுக்கீட்டுப் போராட்டமும் சூடு பிடித்திருந்தது. இன்றைக்கு இந்த ஆபீஸ், நாளைக்கு அந்த ஆபீஸ் என்று மனு கொடுக்க ஊர் ஊராகக் கிளம்பி வந்தார்கள். எனக்கு முந்திய தலைமுறை ரோட்டில் நின்றதால்தான் எனக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. அதனால் அந்தக் கூட்டத்தைக் குறை சொல்ல எனக்கு நா எழாது. எங்களுக்கு அவ்வப்போது ஏணி பிடிக்க வருகிற என் தம்பியும், அன்றைக்கு ஊர்வலம் என்று எலவனாசூர்கோட்டையிலிருந்து ஆட்களோடு வேனில் வந்து இறங்கியிருந்தான். அதனால் லாட்ஜில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

மாடிப்படித் திருப்பத்தில் மேல்தட்டியில் ஒரு சதுர ஓட்டை. அதற்குள் ஒயர்கள் கட்டுக் கட்டாக. சில நேராக நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டிக்குப் போயின. அவை வேலை செய்கிறவை. மற்றவை வெட்டிவிட்ட வால்களாக உள்ளே சுருண்டு கிடந்தன. அவர் ஏணியில் ஏறி ரேடியோவோடு தலையை உள்ளே விட்டார். நான் மூன்றாவது மாடிக் காலி அறையில் குருவியை மாட்டினேன்.

அப்போதுதான் ஊர்வலம் எங்கள் தெருவுக்கு வந்தது. பம்பை, உடுக்கை, ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி, கோஷம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நான் அறை வாசலுக்கு வந்து, "மாட்டிட்டேங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. படியிறங்கி ஏணிக்கு அடியில் போய் நின்றேன். என் தலைக்கு மேலே ரேடியோ இருக்கிறது. ஒரு முணுமுணுப்புக்கூட எனக்கு எட்டவில்லை. அவர் என்னைக் குனிந்து பார்த்தார். முகக்கவசம் தாடைக்குக் கீழே தொங்க, முகமெல்லாம் சிரிப்பு. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். வாயசைவு எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"கேக்குது, கேக்குது."

நான் கையை உயர்த்துவதற்குள் கட்டிலிருந்து ஒரு ஒயரை இழுத்து, புது பிளக் போட நறுக்கென்று வெட்டிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் இரண்டாவது மாடியில் ஒரு கதவு படாரென்று திறந்தது. அங்கே ஒரு டீச்சர் அறை எடுத்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தார். அவருடைய ஒயர்தான் போயிருந்தது. முகக்கவசத்தோடு படியிறங்கி வந்தவர் ஏணிக்கு முன்னால் நின்று பொரிந்து தள்ளினார். பரீட்சை வருகிறது, பிள்ளைகள் பாதிக் கணக்கில் நிற்கிறார்கள், கண் தெரியாதா, கேட்டுவிட்டு வெட்டக் கூடாதா என்று அந்த இரைச்சலையும் மீறிக் கத்தினார். அவர் கேட்டதில் ஒன்றும் தப்பில்லை.

என் வீட்டுக்காரர் ஏணியில் நின்றபடி அவரைப் பார்த்துச் சிரித்தார். மரியாதையாகத் தலையாட்டினார். டீச்சர் இன்னும் கோபமாகத் திட்டத் திட்ட, இவர் இன்னும் பணிவாகச் சிரித்தார். "திட்டுனா சிரிக்கிறீங்களா?" என்று டீச்சருக்குக் குரல் உடைந்தது. விடுவிடுவென்று மேலே ஏறிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். யாராவது அவரை அடித்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

அவரை ஏணியிலிருந்து இறங்கச் சொல்லிக் கைகாட்டினேன். என் முகக்கவசத்தைக் கழற்றினேன். நேருக்கு நேர் நின்று, வாய் நன்றாகத் தெரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னேன்:

"இந்தச் சத்தத்துல ரேடியோ எனுக்கே கேக்கலங்க. ஊருக்கே கேக்கல. உங்களுக்கு மட்டும் எப்படிக் கேட்டுச்சு?"

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பம்பை அடிக்கிறது என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். கீழே கூட்டம், கொடிகள், கையை உயர்த்திக்கொண்டு போகிறவர்கள். மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கேக்கலன்னா இன்னா பண்ணச் சொல்ற?" என்றார். அவர் குரல் ஏறியிருந்தது. அது ஏறியதுகூட அவருக்குத் தெரியவில்லை. "உன் தம்பியக் கூட்டிக்கினு போயிக்கோ. அவனுக்குக் காது நல்லா இருக்குது. நான் வூட்லயே கெடக்கறேன்."

நான் பயந்த வார்த்தை வந்துவிட்டது. ரேடியோவை அணைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். மாமனார் படுத்திருந்த கட்டில் எனக்குக் கண்முன் வந்து நின்றது. அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. எரிச்சல்தான் முந்திக்கொண்டது.

"மொதல்ல டீச்சரு ஒயர ஒட்டுங்க. அப்புறம் படுக்கறதப் பத்திப் பேசலாம்" என்றேன்.

வெட்டுப்பட்ட இரண்டு முனைக்கும் பிளக் போட்டு, நடுவில் ஒரு இணைப்பான் வைத்துச் சேர்த்தார். அந்த வேலைக்குக் காது வேண்டாம். எட்டு நரம்பையும் நிறம் பார்த்து அடுக்குகிற அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் எனக்குச் சுரீரென்று பட்டது. இந்த ஆளுக்குக் கண் இருக்கிறது, கை இருக்கிறது. நான் ஏன் இவர் காதைக் கட்டிக்கொண்டு அழுகிறேன்?

கீழே மண்டபத்து ஸ்டோர் அறையில் கல்யாணங்களுக்குக் கட்டுகிற சீரியல் விளக்குச் சரங்கள் குவிந்து கிடந்தன. அறுந்த சரம் ஒன்றைப் பாயிடம் கேட்டு வாங்கினேன். அதிலிருந்து ஒரு சிவப்பு விளக்கை அறுத்து, அது கருகாமல் இருக்க ஒரு சின்ன ரெசிஸ்டரைச் சேர்த்து, தொட்டுப் பார்க்க இரண்டு கம்பி விட்டேன். என் பக்கத்துக்கு டார்ச்சிலிருந்து எடுத்த இரண்டு பேட்டரி. நான் அறையில் ஒயரின் நீல நரம்பிலும் அதன் ஜோடியான வெள்ளை நரம்பிலும் பேட்டரியை வைப்பேன். அவர் மேலே சுருண்டு கிடக்கிற வால்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதே இரண்டு நரம்பிலும் விளக்கைத் தொட்டுப் பார்ப்பார். எது எரிகிறதோ அதுதான் அந்த அறையின் ஒயர். அவருக்கு இது தெரியாததா? குருவி வருவதற்கு முன்னால் அவர் பல்பு வைத்துத் தேடியவர்தான். ரேடியோ வந்ததும் விட்டுவிட்டார்.

"கண்டுபுடிச்சதும் எனுக்கு எப்படிச் சொல்லுவீங்க?" என்று அவர் முகத்துக்கு நேராகக் கேட்டேன். போனை எடுத்துக் காட்டி, ஒரு ரிங் விட்டு வைக்கிற மாதிரி சைகை செய்தார். ஒரு ரிங் வந்தால் கிடைத்தது என்று அர்த்தம். நான் பேட்டரியை எடுத்து எடுத்து வைத்து விளக்கைச் சிமிட்டினால், அடுத்த அறைக்குப் போகிறேன் என்று அர்த்தம். அவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம். முகத்தில் தெளிவு வரவில்லை, ஆனாலும் ஏணியில் ஏறினார்.

முதல் அறையில் பேட்டரியை வைத்துக்கொண்டு நின்றேன். போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே ஊர்வலம் இன்னும் முடியவில்லை. ஒரு ஊர் போனால் அடுத்த ஊர் வந்தது. திரை இருட்டாகவே இருந்தது. வால்கள் நிறைய, ஒவ்வொன்றாகத் தோல் உரித்துத் தொட வேண்டும், நேரமாகும் என்று என் புத்திக்குத் தெரியும். மனசுக்குத் தெரியவில்லை. இறங்கிப் போய்விட்டாரோ என்று நினைத்தேன். பேட்டரியை விடாமல், நின்ற இடத்திலிருந்தே வாசலை எட்டி எட்டிப் பார்த்தேன்.

திரையில் அவர் பெயர் வந்தது. ஒரு ரிங். நின்றது.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் வீட்டிலிருந்து பிடித்திருக்கிறது என்று சேதி வந்த அன்றுகூட நான் இப்படித் துள்ளவில்லை. விளக்கைச் சிமிட்டிவிட்டு அடுத்த அறைக்கு ஓடினேன். அங்கே பேட்டரி வைத்ததும் சீக்கிரமே ரிங் வந்தது. அதற்கடுத்த அறையில் நான் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே வந்தது. அந்த ரிங்கிலேயே அவர் தெம்பு எனக்குப் புரிந்தது. ஊரே கத்திக்கொண்டிருந்த அந்தப் பகலில் நாங்கள் ஒரு வார்த்தை பேசாமல் அறை அறையாக முடித்தோம்.

பாய் ஒருமுறை படியேறி வந்து இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். "இன்னாமா, ரெண்டு பேருக்கும் சண்டையா? பேச்சே காணோம்" என்றார்.

"சண்டை இல்ல பாய். வேல ஓடுது" என்றேன்.

கடைசி அறை முடிந்து நெயில் பாலிஷோடு நான் இறங்கி வந்தபோது, அவர் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தார். ஊர்வலம் கடந்துபோய், தெரு வழக்கமான ஹாரன் சத்தத்துக்குத் திரும்பியிருந்தது. ஏணியைத் தோளில் வைக்கப் போனவர் அதைச் சுவரில் சாத்திவிட்டு, "இரு, வரேன்" என்று மேலே போனார். எங்கே போகிறார் என்று தெரியாமல் பின்னாலேயே போனேன்.

டீச்சர் அறைக் கதவைத் தட்டினார். வகுப்பு முடிந்திருக்க வேண்டும். டீச்சர் வெளியே வந்தார். எங்களைப் பார்த்ததும் முகக்கவசத்துக்கு மேலே புருவம் நெரிந்தது. ஏதோ சொன்னார். என் வீட்டுக்காரர் தலையாட்டவில்லை. தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

"எனுக்குக் காது கேக்காதுங்க டீச்சர்" என்றார்.

பன்னிரண்டு வருஷக் குடும்பத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. டீச்சர் திரும்பி என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையசைத்தேன்.

"வாயப் பாத்தாதான் புரியும். காலைல நீங்க திட்டுனது ஒண்ணும் எனுக்கு வெளங்கல. அதான் சிரிச்சிட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். "கொஞ்சம் தூரமா நின்னு, மாஸ்க்க எறக்கிட்டு, இன்னொரு தரம் திட்டிடுங்க டீச்சர்."

"இருக்கட்டும், விடுங்க" என்று டீச்சர் கையை அசைத்தார். இவர் நகரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

டீச்சர் வராந்தாவின் மறுகோடிக்குப் போனார். அங்கே திரும்பி நின்று முகக்கவசத்தை இறக்கினார். அப்போதுதான் தெரிந்தது, என்னைவிடச் சின்னப் பெண். முதலில் தயங்கினார். பிறகு ஆரம்பத்திலிருந்து சொன்னார்: பிள்ளைகள் பாதிக் கணக்கில் நின்றார்கள், பரீட்சை வருகிறது, வெட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்தி, உதடு நன்றாகத் தெரியும்படி. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கண் கலங்கியது.

என் வீட்டுக்காரர் கடைசி வார்த்தைவரை பார்த்துக்கொண்டு நின்றார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

"தப்புதாங்க டீச்சர்" என்றார்.